நிறுவலுக்கு முன்னும் பின்னும்: மேக்ஃபைல் பற்றி ஒரு பாடம்



திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் கோயிலுக்கு வர்றவங்களைப் பார்த்திருப்பீர்கள். கல்யாணம் ஆகாதவர்கள் பெருமாளுக்குச் சாத்திய மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று வருவார்கள். அந்த மாலையை வீட்டில் பத்திரமா வெச்சிருந்து, கல்யாணம் முடிஞ்சதும் ஜோடியா எடுத்து வரணும். முன்வேலை, பின்வேலை இரண்டுக்கும் நடுவில்தான் கல்யாணம். கணிப்பொறியில் மென்பொருளை நிறுவும்போதும் இப்படி முன்வேலை, பின்வேலை உண்டு. வரிசை மாறினால் வம்புதான்.

1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் எழுதிய நிரல் 'மேக்'. ஒரு இலக்கு, அதற்கு முன்னால் முடிய வேண்டியவை, பிறகு கட்டளைகள். இவ்வளவுதான் அதன் விதி. கட்டளை வரி டேப்பில் தொடங்கணும். ஸ்பேஸ் தட்டினால் ஏற்காது.

லினக்ஸில் ஒரு தமிழ் எழுத்துருவை நிறுவ மேக்ஃபைல் எழுதுறோம்னு வெச்சுக்குவோம். முன்வேலை, ஏற்கெனவே இருக்கும் பழைய எழுத்துருக் கோப்பை வேறு பெயரில் எடுத்து வைப்பது. நடுவேலை, புதுசை காப்பி பண்ணுவது. பின்வேலை, 'எஃப்சி-கேஷ்' கட்டளையை ஓட்டி எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிப்பது.

பலர் 'இன்ஸ்டால்' என்ற இலக்குக்கு எதிரே முன், நடு, பின் மூன்றையும் ஒரே வரியில் எழுதிடுறாங்க. சாதாரணமா ஓட்டினால் இடமிருந்து வலமாக ஒழுங்கா நடக்கும். ஆனால் 'மைனஸ் ஜே' கொடுத்துப் பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் அந்த வரிசைக்கு உத்தரவாதம் கிடையாது. பழைய கோப்பை எடுத்து வைக்கும் முன்பே புதுசு அதன் மேல் விழுந்துவிடலாம். பழசு போனது போனதுதான்! அதனால் சங்கிலியா எழுதணும். 'பின்'னுக்கு முன்தேவை 'நடு', 'நடு'வுக்கு முன்தேவை 'முன்'. 'இன்ஸ்டால்' இலக்கு 'பின்'னை மட்டும் கேட்டால் போதும். இவையெல்லாம் வெறும் பெயர்கள், கோப்புகள் அல்ல என்று 'ஃபோனி' அறிவிப்பும் தேவை. இல்லாவிட்டால் 'முன்' என்ற பெயரில் ஏதோ ஒரு கோப்பு அங்கே கிடந்தால், அந்த வேலை முடிந்தது என்று மேக் தாண்டிப் போய்விடும்.

அடுத்தது, நம்மில் பலர் கவனிக்காத விஷயம். பேக்கேஜ் தயாரிப்பவர்கள் நேராக நிறுவ மாட்டார்கள். 'டெஸ்ட்டிர்' என்ற மாறியில் ஒரு தற்காலிக அடைவைக் கொடுத்து, கோப்புகளை அங்கே இறக்கி, மூட்டை கட்டி அனுப்புவார்கள். அப்போது பின்வேலை ஓடினால், மூட்டை கட்டுகிற கணிப்பொறியின் பட்டியல்தான் புதுப்பிக்கப்படும். வாங்கிப் போடுகிறவருக்கு அதனால் ஒரு பலனும் இல்லை. முகூர்த்தம் ஒரு வீட்டில், மேளம் வேறு வீட்டில் என்கிற கதைதான்! ஆகவே டெஸ்ட்டிர் காலியாக இருந்தால் மட்டும் பின்வேலையை ஓட்டு என்று நிபந்தனை வைக்கணும்.

அப்படியானால் வாங்குபவரின் கணிப்பொறியில் அதை யார் செய்வது? டெபியனிலும், டெபியன் அடிப்படையில் சி-டாக் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட போஸ் லினக்ஸிலும், பேக்கேஜுக்குள்ளேயே 'பிரீஇன்ஸ்ட்', 'போஸ்ட்இன்ஸ்ட்' என்று இரண்டு சிறு ஸ்கிரிப்டுகள் வைக்கலாம். 'டிபிகேஜி' நிரல் கோப்புகளைப் பிரிக்கும் முன் முதலாவதையும், பிரித்த பின் இரண்டாவதையும் ஓட்டும்.

'மேக் இன்ஸ்டால்' பெரும்பாலும் ரூட் அதிகாரத்தில் ஓடுவது. அடுத்தவர் எழுதிய மேக்ஃபைல் என்றால் முதலில் 'மைனஸ் என்' சேர்த்துப் பாருங்கள். கட்டளைகளைத் திரையில் எழுதிக் காட்டும், ஓட்டாது. பிளஸ் குறியில் தொடங்கும் வரிகள் அப்போதும் ஓடிவிடும்; அவற்றைக் கோப்பைத் திறந்து கண்ணாலேயே படிச்சுடுங்க.