வண்டிவீடும் வடிகட்டியும்

பெங்களூரின் பிரேசர் டவுனில், கோல்ஸ் பூங்காவுக்கு அருகே ஒரு குடும்பம் வாழ்கிறது. தாய், தந்தை, பாட்டி, ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மகள் என நால்வர். தசரா விடுமுறையில் கேரவன் என்னும் வண்டிவீட்டை வாடகைக்கு எடுத்து, மூன்று நாள் வெளியூரில் தங்கி வர அவர்கள் எண்ணினர். படுக்கை, சிறிய அடுப்பு, கைகழுவும் தொட்டி, நூறு லிட்டர் கொள்ளும் நீர்த்தொட்டி ஆகியவை அவ்வண்டியிலேயே இருந்தன. குடிநீர் வடிகட்டி மட்டும் இல்லை. அதனை வாங்கிப் பொருத்துவதா, வேண்டாமா என்னும் கேள்வி வீட்டில் எழுந்தது.

வாங்கிவிடலாம் என்றார் தந்தை. மூன்று நாளுக்காக அவ்வளவு செலவு எதற்கு என்றார் தாய். "கொதிக்க வைத்துக் குடித்தால் போதாதா? எங்கள் காலத்தில் எந்த ஃபில்டர் இருந்தது?" என்று பாட்டி கேட்டார். மூவர் சொல்லிலும் உண்மை இருந்தது. ஆயினும் மூவரும் ஒரே தண்ணீரை மனத்தில் கொண்டு பேசவில்லை. எந்தத் தண்ணீர் என்று தெரிந்த பின்னரே வடிகட்டியைப் பற்றிப் பேச இயலும்.

முதலில் அவர்கள் வீட்டுக் குழாய்நீரையே எடுத்துக்கொள்க. 1898ஆம் ஆண்டு பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கியது. அந்நோய் எலிகளின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சிகளால் பரவுவது, தண்ணீரால் பரவுவதன்று. எனினும் நெருக்கமான தெருக்களும் கழிவுநீர் தேங்கும் சந்துகளும் மாற வேண்டும் என்னும் எண்ணத்தை அதுவே வலுப்படுத்தியது. அதன் பின்னர்க் கண்டோன்மென்ட் பகுதியில் திட்டமிட்டு அமைக்கப்பட்ட புதிய குடியிருப்பு 1910இல் பிரேசர் டவுன் என்னும் பெயரைப் பெற்றது. அப்போது மைசூரில் ரெசிடென்ட் பதவியில் இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அது. இன்று அப்பகுதிக்குப் புலிகேசி நகர் என்னும் பெயரும் உண்டு.

கண்டோன்மென்டின் தண்ணீர்த் தேவைக்காக 1882இல் சாங்கி ஏரி அமைக்கப்பட்டது. 1896இல் ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாய்வழியே தண்ணீர் வந்தது. 1933இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கமும், 1974இல் காவிரியும் நகருக்குத் துணை வந்தன. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, 500 மீட்டருக்கும் மேலான உயரத்திற்கு ஏற்றப்பட்டே காவிரி நீர் பெங்களூரை அடைகிறது. வரும் வழியில் அது தெளியவைக்கப்பட்டு, மணற்படுகையில் வடிக்கப்பட்டு, குளோரின் சேர்க்கப்படுகிறது. எனவே அவ்வீட்டுக் குழாய்நீர் ஏற்கெனவே ஒரு பெரிய வடிகட்டியைக் கடந்து வந்த நீராகும்.

மணலால் வடிப்பது எளிய செயலாகத் தோன்றலாம். அதன் ஆற்றலை 1892இல் ஜெர்மனி நாட்டில் உலகம் கண்டது. ஹாம்பர்க், அல்டோனா என்பன எல்ப் ஆற்றங்கரையில் அடுத்தடுத்து அமைந்த இரு நகரங்கள். ஹாம்பர்க் மக்கள் ஆற்றுநீரை வடிக்காமலே குழாயில் பெற்றனர். அல்டோனாவோ ஹாம்பர்க்குக்குக் கீழ்ப்பக்கம் இருந்தது; அந்நகரின் கழிவு கலந்த நீரே அதற்குக் கிடைத்தது. ஆயினும் அவர்கள் அதனை மணற்படுகையில் மெல்ல வடித்துப் பயன்படுத்தினர். அவ்வாண்டு காலரா பரவியபோது ஹாம்பர்க்கில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அல்டோனாவில் நோய் பெரிதாகப் பரவவில்லை. ஒரே தெருவில் ஒருபுறம் நோயும் மறுபுறம் நலமுமாக இருந்ததை ராபர்ட் காக் என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார்.

பிரேசர் டவுன் வீடுகளில் காவிரி நீர் மட்டும் பயன்படுவதில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரும் லாரித் தண்ணீரும் சம்ப் எனப்படும் நிலத்தடித் தொட்டியில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. 2024 மார்ச்சு மாதம் நகரில் கடும் தட்டுப்பாடு நேர்ந்தபோது, அரசின் ஏறத்தாழ 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் பாதி வறண்டிருந்தன. லாரியில் வரும் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்று வாங்குவோர்க்குத் தெரிவதில்லை. தந்தை வடிகட்டி வேண்டும் என்று நினைத்ததற்கு அந்தக் கோடைக்கால நினைவே காரணம்.

இனி வடிகட்டிகளின் இயல்பைக் காண்க. கலங்கல் ஒன்று, கிருமி ஒன்று, கரைந்த உப்பு ஒன்று. இம்மூன்றையும் எல்லா வடிகட்டிகளும் நீக்குவதில்லை. கலங்கலை நீக்கத் தமிழர் பழங்காலத்திலேயே தேற்றாங்கொட்டையைப் பயன்படுத்தினர். பானையின் உட்புறத்தில் அதனைத் தேய்த்து நீரூற்றினால் மண் அடியில் படியும். கலித்தொகையில் இது உவமையாகவே வந்துள்ளது. ஆனால் தெளிந்த நீர் தூய நீர் என்று கொள்ளலாகாது. கண்ணுக்குத் தெரியாத கிருமி தெளிந்த நீரிலும் இருக்கும்.

பல வீடுகளில் உள்ள மெழுகுவர்த்தி வடிவப் பீங்கான் வடிகட்டி, அதாவது கேண்டில், பாக்டீரியாக்களைத் தடுக்கும். இதன் மூலவடிவத்தைப் பாஸ்டரின் ஆய்வகத்தைச் சேர்ந்த சேம்பர்லாந்து 1884இல் உருவாக்கினார். வைரசுகள் அதன் துளைகளைவிடச் சிறியவை. ஆகவே அவை கடந்துவிடும். கரித்துகள் வடிகட்டி நாற்றத்தையும் குளோரினையும் நீக்கும், உப்பை நீக்காது. புற ஊதாக் கதிர் கிருமியைச் செயலிழக்கச் செய்யும். ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும், நீரும் தெளிவாக இருக்க வேண்டும். ஆர்.ஓ. கருவி கரைந்த உப்பையும் நீக்கும். எனினும் ஒரு லிட்டர் நல்ல நீருக்காகப் பல லிட்டர் நீரை வெளியே கொட்டும். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவியைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் கூறியதும் இதனால்தான். நூறு லிட்டர் தொட்டியுடன் செல்லும் வண்டிவீட்டில் அதனைப் பொருத்துவது, ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதற்கு ஒப்பாகும்.

பாட்டி சொன்ன கொதிநீரின் நிலை என்ன? பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கு நீர் 97 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். கிருமிகளைக் கொல்ல அவ்வெப்பமே போதும். நன்கு குமிழியிட்டு ஒரு நிமிடம் கொதித்தால், கேண்டில் தடுக்காத வைரசும் அழியும். அந்த வகையில் பாட்டியின் முறை பல வடிகட்டிகளைவிட மேலானது. உப்பின் முன் மட்டும் அது தோற்றுவிடும். நீர் ஆவியாகக் குறையுமே தவிர உப்பு குறையாது.

இவ்விடத்தில் செல்லும் ஊர் எது என்பது முக்கியமாகிறது. குடும்பத்தினர் இரண்டு ஊர்களை நினைத்திருந்தனர்: ஒன்று கோலார், மற்றொன்று குடகு.

கோலார் மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று என்றும், வேறு நீர் கிடைக்காவிடில் 1.5 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிறுவனம் வரையறுத்துள்ளது. ஆண்டுக்கணக்கில் மிகுதியாக அருந்தினால் பல்லில் கறை படியும், எலும்பும் கெடும். மூன்று நாளில் அவ்வாறு நேராது என்பது உண்மை. ஆயினும் அங்குள்ள ஆழ்துளைக் கிணற்று நீரைக் கேண்டிலில் வடித்துவிட்டுத் தூய்மையாயிற்று என்று நம்புவது பிழை. கொதிக்கவைப்பதும் அங்குப் பயனில்லை.

குடகின் நிலை நேர்மாறானது. காவிரி பிறக்கும் தலைக்காவிரி அங்குதான் உள்ளது. பிரேசர் டவுன் குழாயில் வரும் ஆறே அங்கு ஓடையாக ஓடுகிறது. மலை ஓடையில் உப்பு குறைவு, சுவையும் இனிது. ஆனால் மேற்பக்கத்தில் மாடு இறங்கியிருக்கலாம். குடியிருப்பின் கழிவு கலந்திருக்கலாம். வழியில் அதனைச் சுத்திகரிக்க எவரும் இல்லை. அங்குக் கேண்டிலும் கொதிநீரும் பெரிதும் உதவும்.

இதனை மகள் ஒரு தாளில் எழுதிக் காட்டியபோது தந்தை குடகையே தேர்ந்தெடுத்தார். "அப்படியானால் வடிகட்டி வாங்கத்தானே வேண்டும்?" என்றும் கேட்டார். "அப்பா, அதை எங்கே பொருத்துவீர்கள்?" என்றாள் மகள்.

அது பலரும் கேட்க மறக்கும் கேள்வி. தொட்டியில் நீர் நிரப்பும் குழாயில் கரித்துகள் வடிகட்டியைப் பொருத்தினால், நீரில் உள்ள குளோரின் தொட்டிக்குள் போகுமுன்பே நீங்கிவிடும். குழாய்நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவேனும் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்று தரவிதி கூறுவதன் நோக்கம், வழியில் புகும் கிருமியை அது தடுப்பதே. அக்காவலை நீக்கிவிட்டு, வெயிலில் சூடேறும் தொட்டியில் நீரை இரண்டு நாள் தேக்கினால் கிருமி பெருகும். ஆகவே நிரப்பும் இடத்தில் மண்ணைத் தடுக்கும் வலை போதும். கரித்துகளும் கேண்டிலும் கடைசியில், குடிக்கும் குழாயின் வாயில்தான் இருக்க வேண்டும். முன்பு வாடகைக்கு எடுத்தவர் அத்தொட்டியில் எந்த நீரை நிரப்பினார் என்பதும் தெரியாது. வடித்த நீரை மூடியில்லாப் பாத்திரத்தில் வைத்துக் கைவிரல் படச் சொம்பால் மொண்டால், எந்த வடிகட்டியும் பயன்படாது.

பின்னர்த் தாய் கணக்கிட்டார். குடிக்கவும் சமைக்கவும் பல் துலக்கவும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர். நால்வருக்கு மூன்று நாளுக்கு 60 லிட்டர். அது 20 லிட்டர் கேன் மூன்று. எடை 60 கிலோ. ஒரு பெரியவர் கூடுதலாக ஏறியதற்குச் சமம். காவிரி நீர் விடும் நாளில், சம்ப்பில் விழுமுன் குழாயிலேயே பிடித்தால் குளோரினும் உடன் வரும்.

"பத்து நாள் தங்குவதாக இருந்தால்?" என்று தந்தை விடாமல் கேட்டார். "இருநூறு கிலோவை யார் சுமப்பது? அப்போது ஃபில்டர் வாங்கலாம்" என்றார் தாய். நீர் முன்னதாகத் தீர்ந்தால் கொதிக்கவைக்க ஒரு பெரிய பாத்திரம் எடுத்துக்கொள்வது என்று பாட்டியின் சொல்லுக்கும் இடம் தரப்பட்டது.

புறப்படும் நாளன்று மூன்று கேன்களும் வண்டியில் ஏறின. கைகழுவும் தொட்டியின் குழாய்க்கு மேலே மகள் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினாள். அதில் தமிழிலும் கன்னடத்திலும் "இது குடிநீர் அன்று" என்று எழுதியிருந்தது.

பயிற்சி

அ. பொருள் அறிந்து தொடரில் அமைத்து எழுதுக: மொள்ளுதல், தெளிதல், தேங்குதல், எஞ்சுதல்.

ஆ. விடை எழுதுக.
1. அல்டோனா நகரில் காலரா பெரிதாகப் பரவாமைக்குக் காரணம் யாது?
2. கோலாரில் பயன்படாத முறை குடகில் ஏன் பயன்படுகிறது?
3. கரித்துகள் வடிகட்டியைத் தொட்டிக்கு முன் பொருத்தினால் நேரும் தீங்கு யாது?

இ. உங்கள் வீட்டுக்கு வரும் குடிநீர் எங்கிருந்து, எவ்வழியாக வருகிறது என்பதைப் பெரியோரிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.