குப்பைமேட்டு வாசலையும் பார்வையிட்டவர்

தியானப் பாடம்: நெகேமியா 2-ம், 3-ம் அதிகாரங்கள்



இந்தப் பக்கத்தை வாசிக்குமுன் நெகேமியா 2-ம் அதிகாரம் 11 முதல் 16 வரையுள்ள வசனங்களை உங்கள் வேதத்தில் ஒருமுறை வாசித்துக்கொள்ளுங்கள். எருசலேமுக்கு வந்து மூன்று நாள் தங்கிய நெகேமியா, இரவிலே சிலரை மாத்திரம் கூட்டிக்கொண்டு புறப்படுகிறார். பள்ளத்தாக்கின் வாசல் வழியாய்ப் போய், குப்பைமேட்டு வாசலுக்கு வந்து, இடிந்துகிடந்த அலங்கத்தைப் பார்வையிடுகிறார். கட்டுகிற வேலை இன்னும் தொடங்கவில்லை. முதலாவது பார்க்கிறார். ஊரார் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகும் இடத்தையும் அவர் விட்டுவிடவில்லை.

நமது மருத்துவமனையில் எண்டாஸ்கோப்பி அறை வாசலில் நோயாளிகளோடு ஜெபிக்க நிற்கும்போதெல்லாம் இந்தப் பகுதி எங்கள் நினைவுக்கு வருகிறது.

நோய் என்ன?

குடலின் உட்சுவர் புண்பட்டு ஆண்டுக்கணக்கில் தொல்லை தரும் அழற்சி நோய்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். இது பெருங்குடலைத் தாக்கும். இரத்தமும் சீதமும் கலந்து பேதியாகும். மற்றது கிரோன்ஸ் நோய். இது வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம். மூலம் என்றும் சீதபேதி என்றும் எண்ணிக் காலம் கடத்தி வருகிறவர்கள் அநேகர். வெளியே சொல்ல வெட்கப்பட்டு மறைத்தவர்களும் உண்டு. இவை பிறருக்குத் தொற்றுகிறவை அல்ல. மருந்தினால் பெரும்பாலும் அடங்கும். ஆனால் அடங்கியிருப்பது வேறு, வேரோடு போய்விடுவது வேறு.

இந்த வேறுபாட்டை நாங்கள் ஒரு துக்கத்தின் மூலமாகக் கற்றுக்கொண்டோம்.

எங்களுக்கு அருமையான ஒரு சகோதரர், பள்ளி ஆசிரியர். வாலிப வயதில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் கண்டு, எலும்பும் தோலுமாய் வார்டில் கிடந்தவர். மருந்து பலித்தது. ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தார், நாங்களே ஜெபித்தோம். எட்டு ஆண்டு கழித்து, கொலோனாஸ்கோப்பி செய்துகொள்ள வரும்படி டாக்டர் சொல்லியனுப்பினார். "சுகமாயிருக்கிறவனுக்கு எதற்கு ஐயா குழாய்ப் பரிசோதனை?" என்று எங்களிடம் கேட்டார். நாங்கள் சிரித்துக்கொண்டே அவர் தோளைத் தட்டிக்கொடுத்தோம். வேறொன்றும் சொல்லவில்லை. மேலும் ஆறு ஆண்டு சென்று அவர் வந்தபோது, புற்றுநோய் ஈரல்வரை பரவியிருந்தது. அடக்க ஆராதனை முடிந்தபின் அவருடைய மனைவி, "நீங்கள் சொல்லியிருந்தால் போயிருப்பார், ஐயா" என்றார்கள். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. இந்தப் பாடத்தை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சுகமாயிருக்கும்போது ஏன் பார்க்கவேண்டும்?

உட்சுவர் புண்பட்டு ஆறி, மறுபடியும் புண்பட்டு ஆறும்போது, புதிதாய் முளைக்கும் செல்கள் நாளடைவில் ஒழுங்கு தவறக்கூடும். இதை டிஸ்பிளேசியா என்பார்கள். இது இன்னும் புற்றுநோய் அல்ல; அதற்கு முந்தின படி. இந்தப் படியில் வலியோ வேறு அடையாளமோ பெரும்பாலும் இராது. நோயாளி சுகமாகவே உணருவார்.

1967-ல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த மார்சன், பாங் என்னும் இருவர், மலக்குடலிலிருந்து எடுத்த சிறு சதைத்துணுக்கில் இந்த மாறுதலைக் கண்டு எச்சரிக்கை பெறலாம் என்று எழுதினார்கள். கொலோனாஸ்கோப்பி வந்தபின் பெருங்குடல் முழுவதையும் பார்க்க முடிந்தது. 2001-ல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ள 100 பேரில் 10 ஆண்டில் 2 பேருக்கும், 20 ஆண்டில் 8 பேருக்கும், 30 ஆண்டில் 18 பேருக்கும் புற்றுநோய் வரலாம் எனக் கணக்கிட்டது. பிற்காலத்து ஆய்வுகள் இதைவிடக் குறைவாகவே காட்டுகின்றன. ஆகவே பயப்படவேண்டாம், அசட்டையும் வேண்டாம்.

அறிந்துகொள்ளவேண்டியவை

1. நோய் தொடங்கி ஏறக்குறைய 8 ஆண்டு ஆனதும் முதல் சோதனை. அடுத்தது 1 முதல் 5 ஆண்டுக்குள் எப்போது என்பதை, அழற்சியின் அளவையும் குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருந்ததா என்பதையும் பார்த்து டாக்டர் சொல்வார்.

2. பித்தநாளங்கள் சுருங்கும் பி.எஸ்.சி. என்னும் ஈரல் நோயும் சேர்ந்திருந்தால் 8 ஆண்டு காத்திருக்கக்கூடாது. அது தெரிந்த உடனே தொடங்கி ஆண்டுதோறும் பார்க்கவேண்டும்.

3. மலக்குடலில் மாத்திரம் அழற்சி உள்ளவர்களுக்குப் பொதுவாக இந்தத் தொடர் சோதனை தேவைப்படாது. கிரோன்ஸ் நோய் பெருங்குடலில் கணிசமான பகுதியைத் தாக்கியிருந்தால் தேவை.

4. நோய் அடங்கியிருக்கும் காலமே சோதனைக்கு ஏற்றது. அழற்சி இருக்கும்போது, அதையும் டிஸ்பிளேசியாவையும் பிரித்தறிவது கடினம்.

5. பேதிமருந்து குடித்துக் குடலைச் சுத்தமாக்குவதே நோயாளிக்குக் கடினமான பங்கு. அதைச் சரியாய்ச் செய்யாவிட்டால் சிறு மாறுதல்கள் மறைந்துவிடும். நீலச் சாயம் தெளித்துப் பார்ப்பதும் உண்டு. மேடுபள்ளங்கள் அதில் தெளிவாய்த் தெரியும்.

முன்பெல்லாம் டிஸ்பிளேசியா கண்டால் பெருங்குடலையே எடுத்துவிடச் சொல்வார்கள். இப்போது, கண்ணுக்குத் தெரியும் பகுதியைப் பல வேளைகளில் குழாய் வழியாகவே அகற்றிவிடலாம். சிலருக்கு அறுவை சிகிச்சை இன்றும் அவசியமே. அந்த ஆசிரியரின் கதையைக் கேட்டு, மனமில்லாமல் சோதனைக்கு வந்த ஒரு சகோதரிக்கு, பட்டாணி அளவில் ஒன்று கண்டு அன்றே அகற்றினார்கள். அவர்கள் இன்று பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆலயத்துக்கு வருகிறார்கள்; தவறாமல் சோதனைக்கும் வருகிறார்கள்.

நமக்குரிய பாடம்

சோதனைக்குப் போவது அவிசுவாசம் என்று நினைக்கிற விசுவாசிகள் உண்டு. நெகேமியா ஜெபிக்காதவர் அல்ல. முதலாம் அதிகாரம் முழுவதும் அவருடைய உபவாசமும் கண்ணீருமே. அப்படி ஜெபித்தவரே இரவில் எழுந்து சுவரைப் பார்த்தார். சுகத்துக்காக ஸ்தோத்திரம் சொல்வதும், தந்த சுகத்தைக் காத்துக்கொள்வதும் ஒரே விசுவாசத்தின் இரண்டு கைகள்.

3-ம் அதிகாரத்தில் இன்னொன்றைக் கவனியுங்கள். தெக்கோவா ஊர்ப் பிரபுக்கள் வேலைக்கு உடன்படவில்லை. ஆனால் குப்பைமேட்டு வாசலைப் பழுதுபார்த்துக் கட்டிய மல்கியாவோ ஒரு மாகாணத்தின் பிரபு. அந்த வாசல் தன் தகுதிக்குக் குறைவு என்று அவர் எண்ணவில்லை.

அன்பான பங்காளர்களே, புதிய ஆலயத்துக்கும் கோபுரத்துக்கும் கொடுக்க அநேகர் உண்டு. குடலைப் பார்க்கும் குழாய்க்கும், அதைக் கழுவும் மருந்துக்கும், ஏழை நோயாளியின் பயாப்சிக் கட்டணத்துக்கும் கொடுக்கிறவர்கள் சிலரே. உங்கள் காணிக்கை அந்த வாசலைக் கட்டுகிறது. உங்கள் சபையில் ஆண்டுக்கணக்காய் இந்த நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் இருந்தால், "கடைசியாய் எப்போது குழாய்ப் பரிசோதனை செய்தீர்கள்?" என்று அன்பாய்க் கேளுங்கள். நாங்கள் கேட்கத் தவறினோம்.

ஜெபிப்போம்: வெட்கத்தினால் நோயை மறைக்கிறவர்களுக்காக, எண்டாஸ்கோப்பி அறையில் ஊழியம் செய்யும் டாக்டர்கள், சிஸ்டர்கள், குழாய்களைச் சுத்தம்செய்யும் ஊழியர்களுக்காக, அந்த ஆசிரியரின் மனைவி பிள்ளைகளுக்காக.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

அவருடைய ஊழியத்தில்,
மருத்துவமனை போதகர்