எழும்பூரில் தொடங்கும் லண்டன் பயணம்

வெளிநாட்டுக் காப்பகத்தில் சில வாரம் உட்கார்ந்து படிப்பதற்காக நல்கை கேட்கப்போகும் முனைவர் பட்ட மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது, விண்ணப்பப் படிவத்தைத் தொடுவதற்கு முன் எழும்பூருக்குப் போங்கள் என்பதுதான். அங்குள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உங்கள் தலைப்பைச் சேர்ந்தவை அனைத்தையும் பார்த்து முடியுங்கள். அதற்குப் பிறகும் விடை கிடைக்காத கேள்விகள் எவையோ, அவற்றுக்காக மட்டும் பணம் கேளுங்கள். இது கிடைக்காத உதவித்தொகைக்குப் பதிலாகச் சொல்லும் ஆறுதல் இல்லை. நல்கை கிடைப்பதும், கிடைத்தபின் அது வீணாகாமல் இருப்பதும் இந்த ஒன்றில்தான் தங்கியிருக்கிறது. இத்தகைய நல்கைகள் ஆய்வாளருக்குத் தருவது பயணமும் தங்குமிடமும்; அவற்றின் வழியாக, எண்ணி எடுத்துவிடக்கூடிய சில நாட்கள். அறிவையோ தலைப்பையோ ஆய்வுக் கேள்வியையோ எந்த அறக்கட்டளையும் தருவதில்லை. அந்த நாட்களுக்குள் வேறெங்கும் கிடைக்காததை மட்டும் தேடுபவருக்கே அது லாபம்.

நமக்கு நேரடித் தொடர்புள்ள எடுத்துக்காட்டாக, சார்லஸ் வாலஸ் பெயரில் இயங்கும் அறக்கட்டளையைச் சொல்லலாம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கல்கத்தாவில் பிறந்த வாலஸ், ஷா வாலஸ் வணிக நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்; 1916இல் காலமானார். குடும்பத்துக்கு ஒதுக்கியது போக மீதிச் சொத்தைப் பிரிட்டிஷ் இந்தியக் கருவூலமும் பிரிட்டன் கருவூலமும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று உயில் எழுதிவைத்தார். உயிலில் சொன்ன பிரிட்டிஷ் இந்தியா பின்னால் பல நாடுகளாகிவிட்டதால் அதற்குப் பொருள் சொல்வதே சிக்கலானது. கடைசியில் பிரிட்டனின் பங்கு தனித்தனி நாடுகளுக்கான அறக்கட்டளைகளாகப் பிரிக்கப்பட்டது. இந்தியாவுக்கானது 1981இல் பதிவானது. கலை, மரபுப் பாதுகாப்பு, மானுடப் புலங்கள் (ஹியூமானிட்டீஸ்) ஆகிய துறைகளைச் சேர்ந்த இந்தியர்கள் பிரிட்டன் சென்று வர உதவுகிறது. குறுகிய கால ஆய்வுப் பயணங்களுக்கும் நல்கை தருகிறது. அந்த நல்கை செலவுக்கு ஒரு கை கொடுப்பதுதான், முழுச் செலவையும் சுமப்பதில்லை. வயது, தொகை, கடைசித் தேதி போன்ற விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம் என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பை மட்டுமே நம்ப வேண்டும். போன ஆண்டு வாங்கிய நண்பர் சொன்னதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

நாட்களின் மதிப்பு கணக்குப் போட்டால்தான் விளங்கும். மூன்று வாரம் என்பது காகிதத்தில் 21 நாள். போகவும் வரவும் இரண்டு நாள், வாசிப்பறை மூடியிருக்கும் ஞாயிறுகள் மூன்று, அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் காட்டி வாசகர் அட்டை வாங்கி இடம் பழகுவதற்கு ஒரு நாள் என்று கழித்தால் 15 மிஞ்சும். பிரிட்டிஷ் நூலகத்தின் சேமிப்பில் ஒரு பகுதி லண்டனில் இல்லை, வடக்கே யார்க்‌ஷயரில் இருக்கிறது. அங்கிருந்து வர வேண்டியவற்றை முன்கூட்டியே கேட்டுவைக்காவிட்டால் மேலும் ஒன்றிரண்டு நாள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான். ஒரு நாளைக்கு இத்தனை கோப்புகள்தான் என்ற வரம்பும் உண்டு. பேனாவுக்கு அனுமதியில்லை, பென்சில் மட்டும்தான். கட்டு தளர்ந்த பழைய தொகுதியை நுரைத்தாங்கியில் சாய்த்து, தாள் எழும்பாமல் இருக்க மணி கோத்ததுபோன்ற எடைச்சரத்தை அதன்மேல் கிடத்தி, ஒவ்வொரு பக்கமாகத்தான் திருப்ப முடியும். கையெழுத்தில் உள்ள தடித்த தொகுதி ஒன்றே ஒரு நாளை விழுங்கிவிடும். லண்டனிலிருந்து இந்தியாவை ஆண்டவர்களின் தாள்களாக அந்த நூலகத்தில் இருக்கும் இந்திய அலுவலக ஆவணங்கள் அலமாரிக் கணக்கில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளம். இந்த 15 நாளை அதோடு சேர்த்து எண்ணிப் பார்த்தால், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு எவ்வளவு ஆபத்தானது என்று தெரியும்.

எழும்பூர் முதலில் ஏன் என்பதற்கான காரணம் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமுறையிலேயே இருக்கிறது. சென்னை ஜார்ஜ் கோட்டையில் ஆளுநரும் ஆலோசனைச் சபையும் எடுத்த முடிவுகள், அவற்றுக்கு ஆதாரமான கடிதங்கள் எல்லாம் ‘கன்சல்டேஷன்ஸ்’ என்ற பெயரில் எழுதி வைக்கப்பட்டன. அதற்குப் படி எடுத்துக் கப்பலில் லண்டன் இயக்குநர்களுக்கு அனுப்புவது கட்டாயம். ஆகவே சென்னை நிர்வாக ஆவணங்களின் பெரும் பகுதி இரண்டு இடத்திலும் இருக்கிறது. மூலம் இங்கே, படி அங்கே. லண்டனில் ‘பி’ வரிசையில் வைத்திருக்கும் சென்னைத் தொகுதிகளில் பலவற்றைப் பார்க்க நீங்கள் விமானம் ஏற வேண்டியதில்லை, எழும்பூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் போதும். லண்டனில் மட்டுமே இருப்பவை வேறு. சென்னையிலிருந்து வந்ததைப் படித்துவிட்டு லண்டன் அதிகாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட குறிப்புகள், பதில் கடிதத்தின் அடித்தல் திருத்தலோடு கூடிய வரைவுகள், ஆளுநர்கள் நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் எழுதிய தனிக் கடிதங்கள் ஆகியவை. 1820 முதல் 1827 வரை சென்னை ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோவின் தனித் தாள்கள் அங்கே ‘எஃப் 151’ என்ற எண்ணில் தனித் தொகுப்பாகவே இருக்கின்றன. உழவரிடமே நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறை பற்றி ஆராய்பவர் மன்றோவின் அரசாங்கக் குறிப்புகளை எழும்பூரில் முடித்துவிட்டு, அந்தத் தனிக் கடிதங்களுக்காக மட்டும் நல்கை கேட்டால், தேர்வுக் குழுவுக்கு மறுக்கக் காரணம் குறைவு.

இன்னொரு வரிசையைச் சொல்லாமல் விட மனமில்லை, அதிகம் பேர் அதைக் கண்டுகொள்வதில்லை. கம்பெனியைக் கண்காணிக்க 1784இல் ஏற்பட்ட கட்டுப்பாட்டு வாரியத்துக்கு, ஒவ்வொரு விவகாரத்துக்கும் வேண்டிய தாள்களை இந்தியாவிலிருந்து வந்த குவியலில் பொறுக்கி ஒன்றுசேர்த்துத் தருவார்கள். 1796 முதல் 1858 வரையிலான அந்தத் தொகுப்புகள் ‘எஃப் 4’ வரிசை. எழும்பூரில் வருவாய்த் துறை, நீதித் துறை, பொதுத் துறை என்று மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கும் ஒரே விவகாரம், அங்கே ஒரே கட்டாகக் கிடைக்கலாம். ஒரு குறிப்பிட்ட கோயில் வழக்கையோ உப்பு வரித் தகராறையோ பின்தொடர்பவருக்கு இது ஒரு வாரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் எந்த ஆண்டு, எந்த மாவட்டம், எந்த ஆட்சியர் என்று தெரியாமல் போனால் இந்த வரிசையும் இன்னொரு காடுதான். அந்த விவரம் கிடைப்பது எழும்பூரில்.

தலைப்புக்கு உரிய ஆவணங்கள் ஒரே ஊரில் இருக்கும் என்று எண்ணுவதும் பெரிய பிழை. மிஷனரி ராபர்ட் கால்டுவெல்லை எடுத்துக்கொள்வோம். 1838இல் அவர் சென்னைக்கு வந்தது லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியராக. 1841இல் நற்செய்தி பரப்புச் சங்கமான எஸ்.பி.ஜி.யில் சேர்ந்து இடையன்குடிக்குப் போனார். முதல் சங்கத்தின் ஆவணங்கள் லண்டன் சோயாஸ் நூலகத்தில், இரண்டாவதன் ஆவணங்கள் ஆக்ஸ்போர்ட் போட்லியன் நூலகத்தில். இடையன்குடி இருக்கும் அதே திருநெல்வேலியில் பணி செய்த இன்னொரு அமைப்பான சர்ச் மிஷனரி சங்கத்தின் (சி.எம்.எஸ்.) ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில். ஆக ஒரே மிஷனரியையும் அவர் மாவட்டத்தையும் சார்ந்த வரலாறு மூன்று ஊர்களில் பிரிந்து கிடக்கிறது. மதுரை, யாழ்ப்பாணம் அமெரிக்க மிஷன்கள் வேண்டுமென்றால் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகம். தரங்கம்பாடி மிஷன் வேண்டுமென்றால் ஜெர்மனியின் ஹாலே. எந்த நல்கைக்கு விண்ணப்பிப்பது என்பதையும் இதுதான் முடிவு செய்ய வேண்டும். நேருவின் பெயரையும் தாங்கிய ஃபுல்பிரைட் முனைவர் ஆய்வு நல்கை 6 முதல் 9 மாதம் அமெரிக்காவில் தங்கவைக்கிறது. அங்கே ஒரு பேராசிரியரோடு சேர்ந்து பணியாற்ற வேண்டியவருக்கு அது பொருந்தும். நான்கு பெட்டித் தாள்களைப் பார்க்க வேண்டியவருக்கு அது தேவையில்லாத நீளம். பெரிய தொகை என்பதற்காக விண்ணப்பிப்பவரின் முன்மொழிவில் அந்த இட்டுக்கட்டல் அப்பட்டமாகத் தெரியும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் வலுவானது, எல்லாம் இணையத்தில் வந்துவிட்டதே என்பது. வரவில்லை. எது வந்திருக்கிறது என்பதைப் பணம் தீர்மானிக்கிறது. கத்தார் தேசிய நூலகம் பிரிட்டிஷ் நூலகத்தோடு சேர்ந்து செலவிட்டதால் இந்திய அலுவலக ஆவணங்களில் வளைகுடா சார்ந்தவை ஏராளமாக இணையத்தில் கிடைக்கின்றன. சென்னை மாகாணத்துக்கு அந்த அளவில் ஒருவர் முன்வந்ததாக எனக்குத் தெரியவில்லை. வந்தவையும் என்றும் நிலைக்கும் என்று சொல்ல முடியாது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டபோது, இணைய அட்டவணையே முடங்கி, மாதக்கணக்கில் எதையும் தேட முடியாமல் போனது. தாங்கள் வேண்டும் கோப்புகளின் எண்களை முன்னரே நோட்டில் எழுதி வைத்திருந்தவர்களுக்கும், போய்த் தேடிக்கொள்ளலாம் என்றிருந்தவர்களுக்கும் அப்போது இருந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. அட்டவணை நலமாக இருக்கும் காலத்திலேயே எண்களைத் தாளில் எழுதி வையுங்கள்.

முன்கூட்டியே பட்டியல் போட்டுக்கொண்டு போனால், எதிர்பாராமல் கிடைக்கும் புதையல் கைநழுவிப் போகுமே என்பது இன்னொரு மறுப்பு. இதில் உண்மை உண்டு. அதனால்தான் 15 நாளில் 11 நாளுக்கு மட்டும் பட்டியல் போடச் சொல்கிறேன், மீதி நான்கு அங்கே கண்ணில் படுவதற்கு. ஆனால் புதையல் என்று அடையாளம் காண்பதற்கே பழக்கப்பட்ட கண் வேண்டும். ஒரு தாசில்தாரின் பெயரை எழும்பூர் கோப்புகளில் இருபது முறை பார்த்தவருக்குத்தான், லண்டன் கடிதமொன்றின் ஓரத்தில் அந்தப் பெயர் தென்படும்போது கை நிற்கும். மற்றவர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

காலனியக் காலத்தில் சேர்ந்த பணத்தை வாங்கி, காலனிய ஆவணத்தைப் படிக்கப் போவது கௌரவமா என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். என் விடை இது: கல்கத்தா வணிகத்தில் விளைந்த செல்வத்தின் ஒரு பங்கு இந்திய மாணவருக்குத் திரும்பி வருவது பிச்சை ஆகாது. சென்னைக் கச்சேரி அலுவலகங்களில் நம் குமாஸ்தாக்கள் எழுதிய தாள்களைப் படிக்கப் போவதும் அப்படித்தான். ஆகவே முன்மொழிவில் கூனிக் குறுகி எழுதாதீர்கள், பேரருள் பெருங்கருணை என்றெல்லாம் வேண்டாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இது, அது இன்ன எண் கோப்பில் இருக்க வேண்டும் என்று நிமிர்ந்து எழுதுங்கள்.

இவை எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் வலிப்பது கடைசி மறுப்பு. இதெல்லாம் ஆங்கிலம் சரளமாக வரும், பெரிய ஊர்ப் பல்கலைக்கழக மாணவர்களுக்குத்தானே என்பது அது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்து, மாவட்டக் கல்லூரியில் பகுதிநேர ஆய்வு செய்யும் மாணவர், பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் கைப்பணத்தை முன்னால் போட வேண்டியிருக்கிறது. செலவில் ஒரு பகுதியைத்தான் நல்கை ஏற்கும் என்றால் மீதிக்கு அவர் யாரிடம் போவார்? இதற்கு மாணவரிடம் விடை இல்லை, பல்கலைக்கழகங்களிடம்தான் இருக்கிறது. நல்கைக் கடிதத்தைக் காட்டினால் விசாக் கட்டணத்தையும் பயணச்சீட்டுத் தொகையையும் முன்பணமாகக் கொடுத்து, பிறகு கணக்கு முடிக்கும் எளிய ஏற்பாடு ஒன்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் வேண்டும். ஆனால் ஆங்கிலம் பற்றிய பயத்தை மட்டும் நான் ஏற்க மாட்டேன். எழும்பூரில் ஆறு மாதம் உட்கார்ந்தவர் தரும் இரண்டு பக்கக் கோப்புப் பட்டியலுக்கு முன் அழகான ஆங்கிலம் நிற்காது. தேர்வுக் குழுவில் இருப்பவர்களும் காப்பகத்தில் தூசி தின்றவர்கள்தான். ‘பி’ வரிசையையும் ‘எஃப் 4’ வரிசையையும் பிரித்தறிந்து எழுதியவர் யார், இணையத்தில் பார்த்து ஒப்பேற்றியவர் யார் என்பது முதல் பக்கத்திலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பட்டியலைத் தயாரிக்க ஆகும் செலவு பேருந்துக் கட்டணமும் பொறுமையும்தான்.

பரிந்துரைக் கடிதத்துக்கும் இதே பட்டியல் உதவும். நெறியாளரிடம் “சார், ஒரு லெட்டர் வேணும்” என்று மட்டும் கேட்டால், நல்ல மாணவர், ஒழுக்கமானவர் என்ற பொதுக் கடிதம்தான் வரும். பட்டியலையும் அதில் மூன்று கோப்புகள் ஏன் இன்றியமையாதவை என்ற ஒரு பத்தியையும் கையில் கொடுத்துக் கேட்டால், அந்தப் பத்தியின் சாரம் கடிதத்துக்குள் போகும்.

திரும்பி வந்தபின் செய்ய வேண்டியது ஒன்று மிச்சமிருக்கிறது, பலர் அதைச் செய்வதில்லை. அங்கே எடுத்த படங்களைச் சொந்த ஆய்வுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடுதான் பெரும்பாலும் எடுக்கவிடுகிறார்கள், அவற்றைப் பிறருக்குப் பகிர முடியாது. ஆனால் நீங்கள் பார்த்த கோப்புகளின் எண், ஆண்டு, மாவட்டம், உள்ளே என்ன இருந்தது, எதைத் தேடிப் போய் எது இல்லாமல் திரும்பினீர்கள் என்ற குறிப்பைப் பகிரத் தடையில்லை. அதைத் தட்டச்சு செய்து துறை நூலகத்தில் ஒரு படியும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்தில் ஒரு படியும் வையுங்கள். ஒன்றும் கிடைக்காத கோப்புகளின் எண்களைக் கட்டாயம் சேருங்கள். அடுத்துப் போகும் மாணவரின் 15 நாளில் இரண்டு நாள் அதனால் மிச்சமாகும்.