வேலிக்கு எதற்கு வார்னிஷ்?

கேள்வி: கல்பாக்கத்தில் கடலோர வீடு. பழைய தேக்கு வேலியில் வார்னிஷ் உரிகிறது. புதிதாகச் சவுக்குக் கம்பும் நடப்போகிறோம். என்ன பூசலாம்?

பதில்: மறுபடி வார்னிஷ் வேண்டாம். வெயிலில் அந்தப் படலம் வெடிக்கும். விரிசலில் ஈரம் புகுந்து மரம் கறுத்துவிடும். நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, காயவிட்டு, 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். பிறகு மரத்துக்குள் ஊறும் வுட் ஸ்டெயின், இரண்டு கோட். பளபளக்காதுதான், வேலிக்கு எதற்குப் பளபளப்பு?

சவுக்கைப் பட்டை உரித்துக் காயவிடுங்கள். தெளித்த தண்ணீர் முத்தாக நிற்காமல் உள்ளே இறங்கினால் பூசலாம். மண்ணுக்குள் போகும் அடிப்பகுதிதான் சீக்கிரம் இற்றுப்போகும். அங்கே தாராளமாகப் பூசுங்கள். பருவமழை ஓய்ந்த பிப்ரவரி, மார்ச் தோதானது. ஆளிவிதை எண்ணெய் கலந்த ஸ்டெயின் என்றால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.