உங்க இலக்கு எது? உங்க கையாலேயே எழுதுங்க!



இந்த இதழின் பயிற்சிப் பாடம் 'தனிநபர் இலக்கு'. "குழுவுக்கு இலக்கு உண்டு, தனி ஆளுக்கு எதுக்கு இலக்கு?" என்று கேட்பவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும் அப்படிக் கேட்டவள்தான். அதனால் என் கதையிலிருந்தே பாடத்தைத் தொடங்குகிறேன்.

எங்க குழு ஆரம்பித்த புதிதில் மன்னார்புரத்தில் ஒரு நாள் பயிற்சி நடந்தது. பயிற்சி கொடுக்க வந்த அம்மா ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து, "ரெண்டு வருஷத்துல நீங்க அடைய நினைக்கிற மூணு விஷயத்தை எழுதுங்க" என்றார். நான் மளமளவென்று எழுதிவிட்டேன். ஒன்று, மகனைக் காலேஜில் சேர்க்கணும். இரண்டு, மகளுக்கு ஒரு ஜோடி தோடு. மூன்று, வீட்டுக்காரர் வண்டிக் கடனை அடைக்கணும். வாங்கிப் பார்த்த அந்த அம்மா கேட்டார்: "எல்லாம் நல்ல விஷயம்தான். இதுல நீங்க எங்கேம்மா இருக்கீங்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை. சுற்றிப் பார்த்தால் பக்கத்தில் இருந்த அக்காக்கள் தாளிலும் அதே நிலைமைதான்.

அடுத்து நான் செய்தது இன்னொரு தப்பு. "எனக்கும் ஒரு இலக்கு வேணுமே" என்று, குழுவில் நாலு பேர் தையல் மிஷின் வாங்கினார்கள் என்பதற்காக நானும் கடன் போட்டு வாங்கினேன். எனக்குத் தையலில் விருப்பமே இல்லை. ஆறு மாதத்தில் மிஷின் மேல் துணி மூடியாகிவிட்டது, அதன் மேல் பாத்திரம் அடுக்கியாகிவிட்டது. கடன் தவணை மட்டும் தவறாமல் போனது. அடுத்தவர் இலக்கை நாம் கடன் வாங்க முடியாது என்று அந்த மிஷின்தான் எனக்குக் கற்றுக் கொடுத்தது.

பக்கத்து மாவட்டம் காட்டிய வழி

மன்னார்புரத்திலிருந்து டி.வி.எஸ். டோல்கேட், விமான நிலையம், கீரனூர் என்று போனால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே புதுக்கோட்டை. 1974-ல்தான் அது தனி மாவட்டம் ஆனது. அதற்கு முன் அந்த ஊர் நம்ம திருச்சி மாவட்டத்தோடு இருந்தது. அங்கே 1991-ல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறிவு கொடுப்பதற்காக வந்த இயக்கம் அது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். படிப்போடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள்.

இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். அன்றைக்குக் கிராமத்தில் ஒரு பெண் சைக்கிள் ஏறினால் ஊரே கேலி பேசும். ஆனாலும் விவசாயக் கூலிகள், கல் குவாரியில் வேலை பார்த்தவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் என்று எல்லோரும் வந்தார்கள். 1992 மகளிர் தினத்தின்போது 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டையில் சைக்கிள் ஊர்வலம் போனார்கள். 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடத்தில் ஓட்டிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. "பரவாயில்லை, ஜென்ட்ஸ் சைக்கிளே கொடுங்க" என்று வாங்கிக்கொண்டார்கள். அதில் முன்னால் ஒரு கம்பி இருக்கிறதே, பிள்ளையை உட்கார வைக்க அது வசதி என்று சிலர் அதையே விரும்பினார்களாம்!

அதன் பிறகு பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அப்பா, அண்ணன், வீட்டுக்காரர் வந்து கொண்டுபோய் விடட்டும் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை. தண்ணீர் எடுப்பது, விளைந்ததைக் கொண்டுபோய் விற்பது, பிள்ளையைப் பள்ளியில் விடுவது எல்லாமே தன் கையில் வந்தது.

இதில் நமக்கு நாலு பாடம் இருக்கிறது.

'முன்னேறணும்' என்று பொதுவாகச் சொல்லாமல், 'சைக்கிள் ஓட்டணும்' என்று கண்ணால் பார்க்கிற மாதிரி ஒன்றைச் சொன்னார்கள். முதல் நாளே ஊர்வலம் போகவில்லை. முதலில் பேலன்ஸ், அப்புறம் பெடல், அப்புறம் ரோடு. தனியாக விழுந்து எழவில்லை. சீட்டைப் பிடித்துக்கொள்ள இன்னொரு பெண் பின்னால் ஓடி வந்தாள். நாலாவது, சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைக்கக் கலெக்டரே வழி செய்தார். மனசு மட்டும் போதாது, கைகொடுக்க ஆளும் வேண்டும்.

இலக்கு எழுதும் முறை – ஏழு படிகள்

படி 1: மூன்று பட்டியல் போடுங்க. ஒரு தாளை மூன்றாக மடியுங்கள். ஒன்றில் 'குடும்பத்துக்கு', ஒன்றில் 'வருமானத்துக்கு', ஒன்றில் 'எனக்கு'. மூன்றாவது கட்டம் காலியாகவே இருந்தால் கவலைப்படாதீங்க. சின்னதாகத் தொடங்குங்க. கையெழுத்துப் போடுகிறவர் முழுப் பத்தியும் வாசிக்கக் கற்றுக்கொள்ளலாம். வங்கியில் செலானைத் தானே நிரப்பலாம். முட்டி வலிக்குப் போய் டாக்டரைப் பார்க்கலாம். ஸ்கூட்டி ஓட்டலாம். இதெல்லாமும் இலக்குதான்.

படி 2: ஒன்றை மட்டும் எடுங்க. மூன்று கட்டத்திலும் சேர்த்துப் பத்து இருக்கலாம். இந்த வருஷத்துக்கு ஒன்று, மிஞ்சிப் போனால் இரண்டு. எதை எடுப்பது? "இதை யாருமே பாராட்டலைன்னாலும் நான் செய்வேனா?" என்று கேட்டுப் பாருங்க. ஆமாம் என்றால் அது உங்க இலக்கு. இல்லை என்றால் அது என் தையல் மிஷின்.

படி 3: எண்ணும் தேதியும் போடுங்க. 1981-ல் ஜார்ஜ் டோரன் என்ற அமெரிக்கர் நல்ல இலக்குக்கு ஐந்து அடையாளம் சொன்னார். அது தெளிவாக இருக்கணும், அளந்து பார்க்க முடியணும், இன்னார் செய்வது என்று இருக்கணும், நடக்கக்கூடியதாக இருக்கணும், தேதி இருக்கணும். 'முடிஞ்ச வரைக்கும் செய்' என்று சொல்வதைவிட இவ்வளவு என்று குறித்துச் சொன்னால் நன்றாக வேலை நடக்கிறது என்று எட்வின் லாக், கேரி லேதம் ஆகிய இருவரின் ஆராய்ச்சிகளும் சொல்கின்றன. எனவே 'மாவு வியாபாரம் பண்ணணும்' என்று எழுதாமல், 'தை மாதம் முதல் தேதி, வீட்டு வாசலில், தினம் 10 கிலோ மாவு' என்று எழுதுங்க.

படி 4: கடைசியிலிருந்து கணக்குப் போடுங்க. ஓர் உதாரணம். பெரிய கிரைண்டர் 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாதி சொந்தக் காசு, பாதி குழுக் கடன். சொந்தப் பங்கு 12,000-ஐப் பத்து மாதத்தில் சேர்க்க மாதம் 1,200. அதாவது ஒரு நாளைக்கு 40 ரூபாய். 40 ரூபாய் எங்கிருந்து வரும்? ஒரு வாரம் செலவு எழுதிப் பாருங்க, தெரியும். 2021-ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று வந்ததே, அப்போது மிச்சமான காசு எங்கே போனது என்று நம்மில் எத்தனை பேர் எழுதி வைத்தோம்?

அடுத்து மீதி 12,000. குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் வாங்கி, மாதம் 1,200 அசல் கட்டினால் முதல் மாதம் வட்டி 120, அடுத்த மாதம் 108 என்று குறைந்துகொண்டே வரும். பத்து மாதத்தில் மொத்த வட்டி 660 ரூபாய். அதே பணத்தை வெளியில் நூற்றுக்கு அஞ்சு வட்டிக்கு வாங்கினால் மாதம் 600. பத்து மாதத்தில் 6,000 கட்டியிருப்பீங்க, அசல் 12,000 அப்படியே நிற்கும். கந்து வட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அவசரத்தில் போய் நிற்பது நாம்தானே? முன்கூட்டியே இலக்கு எழுதினால் அந்த அவசரம் பாதி குறையும்.

இன்னொன்று. இலக்கின் தூரத்துக்குத் தகுந்த இடத்தில் காசைப் போடுங்க. பத்து மாத இலக்குக்கு உண்டியலோ சேமிப்புக் கணக்கோ போதும். தபால் ஆபீஸ் ஆர்.டி. ஐந்து வருஷத்துக்கு, மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம். நடுவில் மூடினால் வட்டியில் அடி விழும். பெண் பிள்ளைக்கான செல்வமகள் சேமிப்பு (2015-ல் வந்தது) பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும், 21 வருஷத்தில் முதிர்வு. மகளின் படிப்புக்குப் பொருந்தும், கிரைண்டருக்குப் பொருந்தாது.

படி 5: நேரமும் இடமும் குறிங்க. 'தினமும் வாசிப்பேன்' என்றால் நடக்காது. 'ராத்திரி பாத்திரம் கழுவி வெச்ச உடனே, அடுப்படித் திண்ணையில உட்கார்ந்து, பத்து வரி வாசிப்பேன்' என்றால் நடக்கும். ஏற்கெனவே செய்கிற வேலையோடு புது வேலையை முடிச்சுப் போடுங்க. உண்டியலும் அப்படித்தான். பால் வாங்கின கையோடு 40 ரூபாய். மாசக் கடைசியில் மிஞ்சினால் பார்க்கலாம் என்றால் மிஞ்சாது.

படி 6: முட்டுக்கட்டையை முன்னாடியே எழுதுங்க. ஜூனில் பள்ளிக் கட்டணம், ஆடியில் கோயில் செலவு, ஐப்பசியில் தீபாவளி, நடுவில் யாருக்காவது காய்ச்சல், மொய். இதெல்லாம் திடீரென்று வருவதில்லை, வருஷா வருஷம் வருகிறது. 'இது வந்தா, அதைச் செய்வேன்' என்று ஒரு வரி எழுதுங்க. "ஜூன்ல உண்டியல் போட முடியலைன்னா, ஜூலையிலும் ஆகஸ்டிலும் நாளைக்கு 60 போடுவேன்." எழுதி வைத்தவர் ஒரு மாதம் தவறினால் அடுத்த மாதம் திரும்பி வருவார். எழுதாதவர் அந்த ஒரு மாதத்தோடு விட்டுவிடுவார்.

படி 7: ரெண்டு பேரிடம் சொல்லுங்க. ஒருவர் வீட்டில், ஒருவர் குழுவில். வீட்டில் சொல்வதுதான் கஷ்டம். "இந்த வயசுல உனக்கு எதுக்கு?" என்று கேட்பார்கள். சண்டை போட வேண்டாம். கேட்பதைச் சின்னதாகக் கேளுங்க: "ஞாயித்துக்கிழமை காலையில ஒரு மணி நேரம் மட்டும் நீங்க பிள்ளைங்களைப் பார்த்துக்கோங்க. மூணு மாசம் பார்ப்போம்." குழுவில் சொல்கிறவர்தான் உங்க சைக்கிள் சீட்டைப் பிடிக்கிற ஆள். கேலி செய்யாதவராக, கணக்குக் கேட்கிறவராகப் பாருங்க.

இலக்கு தவறினால்?

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தாளை எடுத்துப் பாருங்க. தேதியைத் தள்ளிப் போடலாம், தொகையைக் குறைக்கலாம், இலக்கையே மாற்றலாம். ஏன் மாற்றினோம் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்க. நான் கடைசியில் தையல் மிஷினைத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு நஷ்டத்துக்குக் கொடுத்துவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்குத்தான் 'எனக்கு' என்ற கட்டத்தில் முதல் வரி எழுதினேன்: 'குழுக் கணக்கு நோட்டை நானே எழுதணும்.' அதுவரை வேறொருவர் எழுதி, நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பதினான்கு மாதம் ஆனது. நாலு மாதம் லேட். பரவாயில்லை, இன்றைக்கு இந்தப் பாடத்தை நானே எழுதுகிறேன்.

ஒன்றை மறக்காதீங்க. "இலக்கு வைக்காததாலதான் நீ கஷ்டப்படுறே" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கூலி குறைவு, வீட்டில் குடி, உடம்பு சரியில்லை, இதெல்லாம் தாளில் எழுதி மட்டும் தீர்வதில்லை. அதற்குத்தான் குழு, கூட்டமைப்பு, வங்கிக் கடன், அரசுத் திட்டம் எல்லாம். ஆனால் நமக்கு என்ன வேண்டும் என்று நமக்கே தெரிந்தால்தான், எங்கே போய் எதைக் கேட்பது என்று தெரியும். இல்லையென்றால் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வருவோம். மிஷின் மேல் பாத்திரம் அடுக்குவோம்.

குழுக் கூட்டத்தில் செய்து பாருங்க

1. ஆளுக்கு ஒரு தாள். மூன்று கட்டம். பத்து நிமிஷம். எழுதத் தெரியாத உறுப்பினருக்குப் பக்கத்தில் இருப்பவர், அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக் கொடுக்கணும். சொந்தக் கருத்தைச் சேர்க்கக் கூடாது.

2. 'எனக்கு' கட்டத்திலிருந்து ஒன்றை மட்டும் விருப்பப்பட்டவர்கள் வாசிக்கலாம். கட்டாயம் கிடையாது. சிரிக்கக் கூடாது.

3. இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து, எண், தேதி, முதல் படி மூன்றையும் எழுதுங்க. முதல் படி இந்த வாரத்துக்குள் முடிகிறதாக இருக்கணும்.

4. தாளைச் சேமிப்புப் பாஸ்புக்குக்குள் வைத்துக்கொள்ளுங்க. சந்தா கட்ட எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும்.

5. விவாதிக்க: நம் குழுவில் யாராவது அடுத்தவரைப் பார்த்துக் கடன் வாங்கிக் கஷ்டப்பட்டோமா? கடன் கேட்டு வருபவரிடம் இனி என்ன கேள்வி கேட்கலாம்?

சகோதரிகளே, அந்த வெள்ளைத்தாள் இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மகன் படித்து முடித்துவிட்டான், மகள் தோடு போட்டிருக்கிறாள், வண்டிக் கடனும் அடைந்தது. மூன்றும் நடந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தத் தாளின் கீழே நாலாவதாக ஒரு வரி பிறகு எழுதிச் சேர்த்தேனே, அதைப் பார்க்கும்போதுதான் நான் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொள்கிறேன்.

உங்க தாளில் அந்த வரி என்ன? அடுத்த கூட்டத்துக்கு வரும்போது எழுதிக்கொண்டு வாங்க.