ஐஸ் பெட்டியில் கரையும் லாபம்



சென்ற மாதம் ஒரு குழுவின் கணக்கு நோட்டைப் பார்த்தோம். தயிர், பனீர், இட்லி மாவு தயாரித்து, வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கி, 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டவுனுக்கு ஸ்கூட்டியில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். சரக்கில் குறை இல்லை. தினமும் ஆர்டர் வருகிறது. ஆனாலும் வங்கித் தவணையைச் சேமிப்பிலிருந்து எடுத்துத்தான் கட்டியிருக்கிறார்கள்.

"இவ்வளவு ஓடியும் கையில ஒண்ணும் நிக்கலையே மேடம்" என்றார் ஊக்குநர். எல்லோரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

ஒரு நடைக்கு பெட்ரோல் 60 ரூபாய், ஐஸ் 30, கொண்டுபோகிறவர் கூலி 150. மொத்தம் 240. ஒரு நாளைக்கு 6 வீடு. அப்படியானால் வீட்டுக்கு 40 ரூபாய் செலவு. வாங்குவதோ 20 ரூபாய். மீதி 20 ரூபாய் தயிர் லாபத்திலிருந்து போகிறது! அதே நடையில் 16 வீடு என்றால்? நேரம் கூடுமே என்று கூலியை 200 ஆக்கினாலும், வீட்டுக்கு 18 ரூபாய்தான் வரும்.

பெரிய கம்பெனிக்கும் இதே கணக்குதான். அமெரிக்காவில் வீட்டுக்கு மளிகை கொண்டுபோய்க் கொடுத்த வெப்வான், பெரிய கிடங்குகள் கட்டியும் செலவுக்கு ஏற்ற ஆர்டர் இல்லாமல் 2001ல் மூடப்பட்டது.

நாம் என்ன செய்யலாம்?

1. நாளும் தெருவும் குறியுங்கள். செவ்வாய் ஒரு பக்கம், வெள்ளி மறுபக்கம் என்று வைத்து, முதல் நாள் மாலை 6 மணியோடு ஆர்டரை முடித்துவிடுங்கள்.

2. ஒரே இடத்தில் இறக்குங்கள். ஃபிரிட்ஜ் உள்ள ஒரு வாடிக்கையாளர் வீட்டிலோ கடையிலோ கேட்டுப் பாருங்கள். அங்கே வந்து எடுத்துக்கொள்பவர்களுக்கு டெலிவரி கட்டணம் வேண்டாம்.

3. குளிரவைத்த பிறகே பெட்டியில் வையுங்கள். 30 டிகிரி சூட்டில் உள்ள 20 கிலோ தயிரை 5 டிகிரிக்குக் கொண்டுவரவே சுமார் 6 கிலோ ஐஸ் கரைந்துபோகும். முதல் நாள் இரவே ஃபிரிட்ஜில் வைத்தால், வழியில் ஏறும் சூட்டுக்கு மட்டும் ஐஸ் போதும். பழைய பாட்டில்களில் தண்ணீர் ஊற்றி உறையவைத்தால் ஐஸ் காசும் மிச்சம், பெட்டியும் நனையாது.

4. விடியற்காலையில் கிளம்புங்கள். கடைசி வீட்டுச் சரக்கை அடியிலும் முதல் வீட்டுச் சரக்கை மேலேயும் வையுங்கள். அடிக்கடி மூடியைத் திறந்து தேடவேண்டாம்.

ஒன்றில் மட்டும் சிக்கனம் கூடாது. குளிர்ச்சியைக் குறைத்துக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். சூடு ஏறினால் மாவு புளித்துப் பாக்கெட் உப்பிவிடும். கெட்டுப்போன பனீர் ஒரு குழந்தையின் வயிற்றுக்குள் போனால், நம் குழுவின் பெயரும் அதோடு போய்விடும். ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்கிப் பெட்டிக்குள் வையுங்கள். 5 டிகிரியைத் தாண்டக் கூடாது.

அந்தக் குழு இப்போது வாரத்துக்கு இரண்டே நடை போகிறது. தினமும் வேண்டும் என்ற இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். இருந்தாலும் இந்த மாதத் தவணையை வியாபாரப் பணத்திலிருந்தே கட்டினார்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்:
- நம் ஒரு நடைக்கு, நம் சொந்தக் கூலியையும் சேர்த்து, எவ்வளவு செலவு?
- எத்தனை வீடு இருந்தால் அந்தச் செலவு கட்டுப்படியாகும்?
- பக்கத்துக் குழுவின் சரக்கையும் அதே வண்டியில் ஏற்றலாமா?