மூலத்திற்குப் பட்டைக் கஷாயம்: எதுவரை உதவும்?



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பகுதிகளில் பட்டை வாசனை தெரியாத பெரியவர்கள் இருக்க மாட்டார்கள். குரோம் பரவுவதற்கு முன்பு ஆவாரம்பட்டை, வேலம்பட்டை, கடுக்காய் இவற்றைக் கொண்டுதான் தோல் பதனிட்டார்கள். அந்த வேலம்பட்டையைக் கொதிக்க வைத்து, மூலம் உள்ளவர்கள் கழுவிக்கொள்வது பழைய கைவைத்தியம்.

இரண்டிலும் வேலை செய்வது ஒரே பொருள்தான், துவர்ப்புச் சத்தாகிய டானின். அது தோலிலுள்ள புரதத்தோடு சேர்ந்து மேற்பரப்பை இறுக்குகிறது. அதனால் அரிப்பும் கசிவும் எரிச்சலும் குறையும். அமெரிக்காவில் விட்ச் ஹேசல் என்ற செடியிலிருந்து எடுக்கும் நீரை மூலத்திற்கு வெளிமருந்தாக அங்கீகரித்திருக்கிறார்கள். வெளிமருந்தாக மட்டும். உள்ளே வீங்கிய இரத்தக் குழாயை எந்தப் பட்டையும் கரைப்பதில்லை.

செய்ய விரும்புவோர் நாட்டு மருந்துக் கடையில் சுத்தமான வேலம்பட்டை வாங்குங்கள். ஒரு கைப்பிடியை ஒரு லிட்டர் தண்ணீரில் கொதிக்க வைத்து, வடிகட்டி, அகலமான டப்பில் வெதுவெதுப்பான நீரோடு கலந்து 10, 15 நிமிடம் உட்காரலாம். எரிந்தால் நிறுத்திவிடுங்கள். துணியில் கறை பிடிக்கும், போகாது. டேனரியில் கிடக்கும் பட்டையை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். அதில் சுண்ணாம்பும் ரசாயனமும் கலந்திருக்கும்.

சிலர் இதைக் குடிக்கிறார்கள். அது தவறு. துவர்ப்பு மலத்தைக் கட்டும். முக்க முக்க மூலம் பெருக்கும். உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வதையும் அது குறைக்கும். இரத்தம் போய்க்கொண்டிருப்பவருக்கு இது இரட்டை நஷ்டம்.

ஷூ கம்பெனிக்குப் போகும் நம் பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கழிப்பறைக்கு அடிக்கடி போக வேண்டி வருமே என்று பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள், வந்ததையும் அடக்குகிறார்கள். மலச்சிக்கல் தொடங்குவது அங்கேதான். தண்ணீர், கீரை, பழம் இவை பட்டையை விட அதிகம் செய்யும். பிரியாணி நாளில் கத்தரிக்காயை ஒதுக்காமல் சாப்பிட்டாலே கொஞ்சம் புண்ணியம்!

நம் டிரஸ்டுக்கு வந்த ஒரு சகோதரி, வெட்கப்பட்டு மாதக்கணக்கில் பட்டைத் தண்ணீரிலேயே காலம் தள்ளியவர். படி ஏற முடியாமல் மூச்சு வாங்கிய பிறகுதான் வீட்டில் சொன்னார். கடுமையான இரத்தசோகை. அவருக்கு இருந்தது மூலம்தான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் குடல் புற்றுநோயிலும் இதே போல இரத்தம் வரும். பார்த்த மாத்திரத்தில் நாம் பிரித்தறிய முடியாது. ஆகவே மலத்தோடு இரத்தம் வந்தால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். மலம் கறுத்துப் போனாலும், எடை குறைந்தாலும், மலம் கழிக்கும் வழக்கம் மாறினாலும், 40 வயதைக் கடந்திருந்தாலும் நாள் கடத்தவே கூடாது.

இதில் வெட்கம் எதற்கு? இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு மூலநோய் இருந்தது. அந்த நிலையில் தொழுவது எப்படி என்று நபி (ஸல்) அவர்களிடமே கேட்டார்கள். நின்றும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று விளக்கம் கிடைத்தது. இந்தச் செய்தி புகாரியில் இருக்கிறது. அவர் கேட்டதால்தான் இன்று நோயாளிகள் எல்லோருக்கும் அந்தச் சலுகை தெரிகிறது.

ஆம்பூர், வாணியம்பாடி அரசு மருத்துவமனைகளிலோ அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டலாம். பெண் மருத்துவர் வேண்டுமென்று கேட்பதில் தவறில்லை. தனியாகப் போகத் தயங்கும் சகோதரிகளுடன் நம் டிரஸ்டின் பெண் உறுப்பினர் ஒருவர் துணைக்கு வருவார். அலுவலகத்தில் என்ன நோய் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால் போதும்.